தலையாட்டாத தம்பி

புதுக்குடியிருப்பில் இப்போது வயரிங் வேலைக்கு ஆள் தேடுவது பெரிய பாடில்லை. எந்த ஹாட்வெயார் கடையில் விசாரித்தாலும் இரண்டு மூன்று போன் நம்பர் தருவார்கள். அதில் யாரைப் பிடிப்பது என்று அயலட்டையில் உள்ளவர்கள் வந்து கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: கேட்டதற்கெல்லாம் "ஓம்" சொல்லித் தலையாட்டுகிறவரை விட்டுவிடுங்கள்.

வேறு ஊர்களில் இது இவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். எங்களுக்கு மின்சாரத்தோடு பழக்கம் குறைவு. 1990களில் வன்னிக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலில் திரி போட்ட சிக்கன விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். 2009இல் யுத்தம் முடிந்தும் உடனே ஊர் திரும்ப முடியவில்லை. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்படும்வரை எங்கள் பக்கத்துச் சனம் அங்கே இருந்தது. பிறகு வீடு. இந்திய வீட்டுத்திட்டம் 550,000 ரூபாயைத் தவணை தவணையாகத் தந்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று காசு போக, வயரிங் கடைசியில்தான் நின்றது. நாற்பது வயதில் முதன்முதலாகச் சொந்த வீட்டில் சுவிட்ச் போட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் "எத்தனை பொயின்ற் வேணும்?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? பல்ப், ஃபான், ரீவி. பிரிஜ்ஜும் தண்ணி மோட்டரும் கேத்திலும் பின்னால் ஒவ்வொன்றாக வரும். வயர் மட்டும் பழையபடி மெல்லியதாகவே சுவருக்குள் கிடக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி, கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்தவர். வந்ததும் கேட்டார்: "இனி அஞ்சு வருசத்தில என்னென்ன வாங்க யோசிக்கிறியள் ரீச்சர்?" எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் கணக்கே போட்டார். லைற்றுக்கு 1/1.13 வயர் காணும், பிளக்குக்கு 7/0.67, மோட்டருக்கு மெயினிலிருந்து தனி லைன். மேசன் பூச்சு வேலையைத் தொடங்குமுன் பைப் பதித்துவிட வேண்டும் என்று அவரே மேசனோடு கதைத்து நாள் குறித்தார். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் பிடித்து வைக்கச் சொன்னார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆணி அடிப்பதென்றால் முதலில் அந்தப் படங்களைத்தான் பார்ப்போம்.

முதல் மறுப்பு சின்ன விஷயத்தில் வந்தது. பழைய வட்டப்பின் பொயின்ற் ஒன்று அறையில் போட்டுத்தரச் சொன்னேன். 13 அம்பியர் சதுரப்பின்தான் நாட்டின் நியமம் என்று 2016இல் அரசாங்கம் முடிவெடுத்தது; ஆனாலும் பழைய சாமான்கள் எங்கள் வீடுகளை விட்டுப் போகவில்லை. சதுரப்பின் பொயின்றின் மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டு மூடியைத் திறந்து, இரண்டு பின் சார்ஜரைத் திணிக்கும் வித்தை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அது ஏலாது ரீச்சர். சாமானின்ர பிளக்கை மாத்தித் தாறன்" என்றார். மாற்றியும் தந்தார்.

ட்ரிப் சுவிட்ச் விஷயம் அவ்வளவு லேசில் முடிவதில்லை. மாரி தொடங்கினால் வன்னியில் பாதி வீடுகளில் ட்ரிப் விழும். கிணத்தடி மோட்டரின் வயர் பொருத்தில் ஈரம் ஏறினால் போதும். போகும் கரண்டுக்கும் திரும்பி வரும் கரண்டுக்கும் இடையில் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே அது விழுந்துவிடும். அதன் வேலையே அதுதான். இரவில் மழைக்குள் விழுந்தால் வீட்டுக்காரர் போன் எடுத்துச் சொல்வது: "ட்ரிப்பைக் கழட்டி டிரெக்ட் குடுத்து விடு தம்பி, நாளைக்குப் பாப்பம்." கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காசும் உடனே கிடைக்கும். அந்த நாளை பெரும்பாலும் வருவதில்லை. எங்கள் தம்பி மோட்டர் லைனை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, மிச்ச வீட்டுக்குக் கரண்ட் கொடுத்து, விடியத்தான் பிழை தேடுவார். அந்த இரவுக்கு வாளியால் அள்ள வேண்டியதுதான்.

எர்த் கம்பிக்கும் இதே பிடிவாதம். அது மண்ணுக்குள் போய்விடும், யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே காசு குறைக்க முதலில் கை வைப்பது அதில். அவர் எனக்குச் சொன்ன விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்தையும் விட நன்றாக ஏறியது: எர்த் இருந்தால் பிரிஜ் பெட்டியில் கரண்ட் கசிந்தவுடன் ட்ரிப் விழும், எர்த் இல்லாவிட்டால், விழுவதற்கு ஒரு ஆள் வந்து தொடவேண்டும். கம்பி அடிக்க வளவில் இடம் பார்த்தபோது வேறு ஊர்களில் கேட்காத ஒரு கேள்வியையும் கேட்டார்: "இந்த மூலையும் கண்ணிவெடி கிளியர் பண்ணினதுதானே?"

கூலி பொயின்ற் கணக்கு. மூன்றாகப் பிரித்தோம்: பைப் பதித்ததும் ஒன்று, வயர் இழுத்ததும் ஒன்று, எல்லாம் பூட்டி ட்ரிப்பின் ரெஸ்ற் பொத்தானை என் கையாலேயே அழுத்தி விழுத்திப் பார்த்த பிறகு மிச்சம். சாமான் வாங்க இருவருமாகக் கடைக்குப் போனோம். கொமிசன் சந்தேகம் அதோடு போனது. 2022இல் விலை ஏறிய ஏற்றத்தில் வயர்ச் சுருளை விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தேத்தண்ணியை நேரத்துக்குக் கொடுத்தேன். ஏணியில் நிற்கும்போது கதை கொடுக்கவில்லை. ஆசிரியத் தொழில் பார்த்தவளுக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

காட்டோரத்தில் வயல் செய்கிற ஒருவர் போன போகத்தில் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். பன்றியும் யானையும் பயிரை அழிக்கின்றன, வீட்டு லைனிலிருந்து வேலிக் கம்பிக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். யானைக்கென்று முறையாகப் போடும் மின்வேலி விட்டு விட்டு ஒரு கணம் மட்டும் துடிக்கும், உயிரை எடுக்காது. வீட்டு 230 வோல்ற் விடாமல் பாயும்; தொட்டது யானையா, விடியப்புறம் தண்ணி கட்டப் போன மனிசனா என்று பார்க்காது. இப்படிச் செத்தவர்களின் செய்தி இலங்கைப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. அது சட்டப்படி குற்றமும்கூட. தம்பி மாட்டேன் என்றார். வயல்காரரின் கோபத்தையும் நான் பிழை சொல்லமாட்டேன். ஒரு இரவில் ஒரு போகம் போவதைப் பார்த்தவர் அவர். ஆனால் அந்தக் கோபத்தில் அவருடைய மகளின் புது வீட்டு வயரிங் வேறொருவருக்குப் போனது. இருபத்தைந்து பொயின்ற் வேலை.

அவருடைய நம்பரை நான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். வேலை கொஞ்சம் பிந்தும், எர்த்தில் காசு குறைக்க விடமாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சிலர் நம்பரை எழுதிக்கொண்டு போய் வேறு ஆளைப் பிடிக்கிறார்கள்.