அவரவர் சுளவு

லினக்ஸ் ஓடும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘இன்டரப்ட்ஸ்’ என்றொரு கோப்பு இருக்கும். நெட்வொர்க் கார்டு எத்தனை முறை கூப்பிட்டது, டைமர் எத்தனை முறை தட்டியது என்ற கணக்கு அதில் வரும். எட்டு கோர் இருந்தால் எட்டுப் பத்தி. மொத்தம் என்று தனிப்பத்தி கிடையாது. வேண்டுமென்றால் நாமே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே எண்ணாக ஏன் வைக்கவில்லை? வைக்கலாம், ஆனால் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு கோரும் தன் பக்கத்தில் கேஷ் என்னும் சிறு நினைவகம் வைத்திருக்கிறது. இன்றைய பெரும்பாலான ப்ராசஸர்களில் அது 64 பைட் துண்டுகளாக நினைவகத்தை எடுத்துவரும். ஒரு துண்டில் எழுத வேண்டுமானால் அந்த நேரத்தில் அது ஒரு கோரிடம் மட்டும்தான் இருக்க முடியும். எட்டு கோரும் ஒரே எண்ணைக் கூட்டினால் அந்தத் துண்டு எட்டுப் பேருக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கும். கூட்டும் வேலை சொற்பம். அலைச்சல்தான் நேரத்தைத் தின்னும். கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் குறையவும் செய்யலாம்.

அதனால் கெர்னல் அவரவருக்குத் தனி எண்ணைக் கொடுத்துவிடுகிறது. பெர்-சிபியு டேட்டா என்பது இதைத்தான். இன்றைய லினக்ஸில் இதற்கான இடத்தை ஒதுக்கும் நிரலை டேஜுன் ஹியோ 2009-இல் எழுதினார். ஒவ்வொரு கோருக்கும் ஒரே அமைப்பில் ஒரு பகுதி. கோர் தன் பகுதியின் தொடக்கத்தோடு ஒரு தூரத்தைக் கூட்டினால் தன் எண் கிடைத்துவிடும். பூட்டு வேண்டாம், யாருக்கும் காத்திருக்கவும் வேண்டாம்.

தென்காசி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இலத்தூரில் எங்கள் தெருவில் மத்தியானம் போனால் திண்ணைதோறும் பெண்கள் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவரவர் சுளவில் அவரவர் இலை, அவரவர் தூள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். ஒவ்வொரு பீடிக்கும் யாரும் பீடிக்கடைக்கு ஓடுவதில்லை. சேர்ந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாஸ் புத்தகத்தில் பதிவாகும். கடையின் கணக்கு எப்போதும் தெருவுக்குக் கொஞ்சம் பின்னால்தான் இருக்கும்.

கெர்னலிலும் அப்படியே. அதன் பொதுவான பெர்-சிபியு எண்ணியில் ஒவ்வொரு கோரும் 32 வரையோ, கோர் எண்ணிக்கையின் இரு மடங்கு வரையோ, எது பெரிதோ அதுவரை, கையில் சேர்த்து வைத்த பிறகே பொதுக் கணக்கில் சேர்க்கும். 64 கோர் இயந்திரத்தில் அது 128. ஆளுக்கு 127 கையில் வைத்திருந்தால் பொதுக்கணக்கு 8,128 தவறாக இருக்கலாம். பெரும்பாலும் அதனால் பாதகமில்லை. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை காலி இடத்தை இப்படித்தான் எண்ணுகிறது. டிஸ்க்கில் நிறைய இடம் இருக்கும்வரை உத்தேசக் கணக்கே போதும். நிரம்பும் நேரத்தில் மட்டும் எல்லாக் கோர்களிடமும் கேட்டுச் சரியாகக் கூட்டிப் பார்க்கும்.

சிக்கல் வருவது ஆள் இடம் மாறும்போது. ஒரு நிரல் மூன்றாம் கோரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘என் எண் எங்கே’ என்று கேட்டு முகவரி வாங்குகிறது. அந்த நொடியில் ஷெட்யூலர் அதைத் தூக்கி ஐந்தாம் கோரில் உட்கார வைக்கிறது. கையில் இருப்பதோ மூன்றாம் கோரின் முகவரி. அங்கே இப்போது வேறொருவர். இருவரும் ஒரே எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதினால் ஒரு கூட்டல் தொலைந்துபோகும். அதனால்தான் பெர்-சிபியு டேட்டாவைத் தொடுமுன் ‘வேலை முடியும்வரை என்னை எழுப்பாதே’ என்று ஷெட்யூலரைத் தடுத்து வைக்க வேண்டும். x86 ப்ராசஸரில் இடம் கண்டுபிடிப்பதையும் கூட்டுவதையும் ஒரே கட்டளையில் முடிக்கலாம். நடுவில் யாரும் எழுப்ப முடியாது. சோதனைக்கான அமைப்பைப் போட்டு வைத்தால், தடுக்காமல் கோர் எண்ணைக் கேட்கும் இடத்தில் கெர்னலே எச்சரிக்கை எழுதும்.

எங்கள் தெருவில் எச்சரிக்க ஆளில்லை. என் அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றினாள். முதல் பதினெட்டு வருஷம் அவளுக்கென்று பாஸ் கிடையாது. மதினியின் பாஸில்தான் போட்டாள். வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்தான் என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 1976-இல் நல நிதிக்கும் சட்டம் வந்தது. ஆனால் எல்லாம் பெயரைப் பிடித்துத்தான் வரும். மதினி நேர்மையானவள். வாரக் கூலியை எண்ணிப் பார்த்து அத்தை பங்கைக் கொடுத்துவிடுவாள். பி.எஃப்.பை அப்படிப் பிரிக்க வழியில்லை. கண் மங்கிச் சுற்றுவதை நிறுத்தியபோது அத்தை பெயரில் இருந்தது பிற்பாதி மட்டும். “மதினி பேர்ல ஓடுன கணக்கு மதினிக்குத்தானய்யா போவும்” என்றாள். “ஆனா சுத்துன வெரலு என்னுதுல்லா.”

இந்த இடத்தில்தான் கெர்னலும் எங்கள் தெருவும் பிரிகின்றன. ஒரு கோரை அணைத்தால், அதன் கையில் இருந்த எண்ணைப் பொதுக்கணக்கில் சேர்த்துவிட்டு, அதன் பெட்டியைப் பூஜ்யமாக்கிவிடுகிறது கெர்னல். எந்த நிரல் எந்தக் கோரில் உட்கார்ந்து எண்ணியது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பத்தி என்பது வேகத்துக்காகப் போட்ட கோடு, மொத்தம் சரியாக வந்தால் போதும். பாஸ் புத்தகத்தில் பத்திதான் ஆள். கடையில் மொத்தம் ஒருநாளும் தவறவில்லை. அத்தை சுற்றிய ஒரு பீடிகூடக் கணக்கில் விட்டுப்போகவில்லை. அவள்தான் விட்டுப்போனாள்.

வேலையில் ஒரு பட்டியலை வடிவமைக்கும்போது இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்தப் பத்தி வேகத்துக்கா, ஆளுக்கா? வேகத்துக்கு என்றால் தயங்காமல் கூட்டிக் கலைத்துவிடலாம். ஆளுக்கு என்றால், மொத்தம் சரியாக இருப்பதை வைத்து எதுவும் தொலையவில்லை என்று சொல்ல முடியாது.