பிளிசார்ட் நார்த் குழுவினருக்கு, திருவொற்றியூரிலிருந்து

அன்புள்ள டேவிட் பிரெவிக், மேக்ஸ் ஷேஃபர், எரிக் ஷேஃபர், மேட் யூல்மன் மற்றும் உங்களோடு உழைத்த அத்தனை பேருக்கும்,

நீங்கள் உருவாக்கி 2000 ஜூனில் வெளிவந்த 'டயாப்லோ 2' கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக வடசென்னையிலிருந்து இந்த நன்றிக் கடிதம்.

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, ஹார்பருக்கும் கம்பெனிகளுக்கும் ஷிப்ட் போகிறவர்களின் பிள்ளைகள் நாங்கள். அன்று பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டர் கிடையாது. பிரவுசிங் சென்டரில் காசுக்குத் தக்க நேரம், அதுவும் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் விளையாட்டைப் போலப் பொருந்தியது வேறெதுவுமில்லை.

சேவ் செய்து வெளியேறினால் மறுநாள் ஊருக்குள்தான் நிற்போம். அடித்துத் தீர்த்த பேய்களெல்லாம் வெளியே மறுபடி முளைத்திருக்கும். பலருக்கு இது எரிச்சல். நேரம் முடிந்ததும் எழுந்தே ஆகவேண்டியவனுக்கு இது வரம். எப்போது வந்தாலும் வேட்டை உண்டு. புதுக் கேரக்டர் தொடங்கினால் காடும் சுரங்கமும் புது அமைப்பில் வரும். ஊர்கள் மட்டும் தங்கள் இடத்தில் இருக்கும். மூன்றாம் கட்டத்தில் குராஸ்ட் என்ற துறைமுக ஊர் வரும்போது, துறைமுகத்தருகே வளர்ந்த காசிமேட்டுப் பையன்களுக்கு அதன் மேல் தனிப் பாசம்.

ஒரு கேரக்டருக்கு முப்பது திறன்கள். 2010-இல் 1.13 பேட்ச் வரும்வரை, ஒரு திறனில் போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியில்லை. நெருப்பில் வளர்த்த சார்சரஸ் என்ற மந்திரக்காரியைப் பனிக்கு மாற்ற முடியாது. முதல் லெவலிலிருந்து இன்னொருத்தியை வளர்க்க வேண்டும். திரும்பத் திரும்ப ஆட வைத்தது இந்தக் கறார்தான் என்பது என் துணிபு. எடுத்த முடிவுக்கு எடை இருந்தது. வளர்த்த கேரக்டரோ சில கேபி அளவுள்ள ஒரே ஃபைல். ஃப்ளாப்பியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த சென்டருக்குப் போய்விடலாம்.

இன்டர்நெட் படுத்துவிட்டாலும் லான் கேபிள் இருந்தால் போதும். ஒருவன் கேமைத் தொடங்கி ஐபி நம்பரைக் கத்துவான். எட்டுப் பேர் வரை உள்ளே வரலாம். பாஸ் செத்து விழும்போது மோதிரம் ஒன்று 'டிங்' என்று சுழன்று தரையில் விழும். எடுத்தவனுக்கே சொந்தம் என்பதால் அத்தனை மவுசும் ஒரே இடத்தில் பாயும். "மச்சான், அது எனக்குடா!" என்ற சத்தத்தில் சென்டர் அண்ணன் எழுந்து வருவார். ஆள் குறைந்த மதியங்களில் மட்டும் இசையமைத்த யூல்மனின் பன்னிரண்டு தந்திக் கிடார் தெளிவாகக் கேட்கும்.

உங்கள் ஸ்டுடியோவை 2005-இல் மூடினார்கள். ஷேஃபர் சகோதரர்களும் யூல்மனும் பிறகு 'டார்ச்லைட்' விளையாட்டின் பக்கம் போனீர்கள். 2012-இல் வந்த 'டார்ச்லைட் 2'-இலும் லான் வசதியை விடவில்லை. அதற்குத் தனி நன்றி. ஆனால் 2021-இல் புதுப்பொலிவுடன் வந்த 'டயாப்லோ 2: ரிசரக்டட்'டில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஆடிய வழி அது.

உங்களில் யார் இனி இப்படியொரு விளையாட்டைச் செய்தாலும், சர்வரைக் கேட்காமல் பக்கத்து மேசைக்காரனோடு ஆடும் வசதியை வைத்துக் கொடுங்கள்.


திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து ஒரு பழைய ஆட்டக்காரன்