கை புகா இடம்

தமிழ் பயிலும் மாணவன் மோட்டார் வண்டியின் யந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர் நகைப்பர் என்பதை யான் அறிவேன். இலக்கணச் சூத்திரத்தில் நுழையாத அறிவு இரும்புச் சூத்திரத்தில் நுழைந்துவிட்டதோ என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டும் விட்டார். எனினும், சென்ற கோடை விடுமுறையில், கை புகாத ஓர் இடத்தில் யான் கற்ற பாடம் வகுப்பறையிற் கற்றவற்றிற்குக் குறைந்ததன்று. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டில் பழைய சிறு கார் ஒன்று உண்டு. என் அன்னையாரை வாரத்தில் இருமுறை, முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு, இரத்தச் சுத்திகரிப்பின் பொருட்டு அதில்தான் தந்தையார் அழைத்துச் செல்வது வழக்கம். ஒரு திங்கட்கிழமை மாலை, ரேடியேட்டரில் நீர் குறைந்து வெப்பமுள் மேலேறிற்று. யந்திரத்தின் பின்புறத்து ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. பட்டறையார், யந்திரத்தைக் கீழே இறக்கவேண்டும், நான்கு நாள் ஆகும் என்றார். அன்னையார் செல்லவேண்டிய நாளோ புதன்கிழமை.

இத்தகைய வண்டிகளில் இடம் குறைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்து வண்டிகளில் யந்திரம் நீளவாட்டில் அமைந்திருந்தது. 2014 வரை உத்தரபாராவிற் செய்யப்பட்ட அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால், இருபுறமும் கைவிட்டு வேலைசெய்யத் தாராளமாக இடமிருக்கும். 1956-இல் எழுந்த சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனிற் பெட்ரோல் அருமையாயிற்று. அதன்பின், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியறிஞர், 1959-இல் வெளிவந்த மினி வண்டியில் யந்திரத்தைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியில் அடக்கினார். பத்தடி நீள வண்டியில் நால்வர் அமர இடம் கிடைத்தது. 1983-இல் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800-உம் குறுக்கு யந்திர வண்டியே. அமர்பவர்க்குக் கிடைத்த இடம், பழுது பார்ப்பவர் கையினின்று எடுத்த இடமன்றோ!

தந்தையார்க்கு வேலை தெரியும். ஆனால், அவர் கை பெரிது. சில ஆண்டுகளாக நடுக்கமும் உண்டு. யந்திரத்திற்கும் பின்தகட்டிற்கும் இடையே நான்கு விரல் அகலமே இருந்தது. ஆகவே கை என்னுடையது, அறிவு அவருடையது என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை, யந்திரம் முற்றும் ஆறியபின் தொடங்கினோம். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, பின்னர் நீரை வடித்தோம். குழாயை மறைத்த தாங்கித் தகட்டினைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் கழற்றவேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அவ்விடத்தில் விரல்நுனியே கண். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை உள்ளே நீட்டினால் இடம் வலமாகத் தோன்றிக் கையை மயக்கும். போல்ட்டை மீண்டும் பூட்டும்போது முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்பி, மரை 'டக்' என்று அமர்ந்ததை உணர்ந்த பின்னரே வலப்பக்கம் முறுக்கவேண்டும் என்றும், பாக்ஸ் ஸ்பானரின் வாயிற் சிறிது கிரீஸ் தடவினால் போல்ட்டு நழுவாது என்றும் தந்தையார் கற்பித்தார்.

யானோ, கிரீஸ் தடவ மறந்தேன். தந்தையார் நீர் அருந்த உள்ளே சென்றிருந்த வேளையில், போல்ட்டு நழுவி, இருமுறை ஒலித்து, இருளில் மறைந்தது. தேடினேன், கிடைக்கவில்லை. பழைய தகர டப்பாவில் அதே அளவுள்ள வேறொன்று இருந்தது. அதனைப் பூட்டினேன், வாய் திறக்கவில்லை.

மாலையில் யந்திரம் ஓடிற்று. ஒரு துளியும் ஒழுகவில்லை. தந்தையார் அன்னையாரை அழைத்து, "பார், தமிழ் படிக்கிற பிள்ளை செய்த வேலை!" என்றார். யான் பொறியியல் பயிலவேண்டும் என்று விரும்பியவர் அவர். தமிழை யான் தேர்ந்தபோது ஒரு சொல்லும் மறுத்துரையாதவர். அப்புகழுரை என்னைச் சுட்டது.

இரவு உறக்கம் வரவில்லை. விழுந்த போல்ட்டு எங்கே தங்கியிருக்கும்? ஓடும்போது அதிர்ந்து, சுழலும் பெல்ட்டில் விழுந்தால் என்னாகும்? விடிந்தால் அவ்வண்டியில் அமர்பவர் என் அன்னையார். இரண்டு மணிக்குத் தந்தையாரை எழுப்பினேன்.

"அப்பா, ஒரு போல்ட்டு உள்ளே விழுந்துவிட்டது. உங்களிடம் மறைத்துவிட்டேன்."

அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "எந்தப் பக்கம் சத்தம் கேட்டது?" என்று மட்டும் கேட்டு, டார்ச் விளக்கை எடுத்தார்.

பழைய வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்த சிறு காந்தத்தை மூங்கிற்குச்சியிற் கட்டி உள்ளே விட்டோம். அலுமினியப் பாகத்தில் காந்தம் ஒட்டாது வழுக்கிற்று. இரும்பைக் கண்ட இடமெல்லாம் பற்றிக்கொண்டது. ஒரு மணி நேரம் சென்றபின், ஆல்ட்டர்னேட்டரைத் தாங்கும் பாகத்தின் விளிம்பில், பெல்ட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே, அது அகப்பட்டது. விளக்கைப் பிடித்த தந்தையாரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. யான் என் கையால் அதனைத் தாங்கிக்கொண்டேன். அவர் விலக்கவில்லை.

காலையில் அன்னையார் வழக்கம்போல் மருத்துவமனை சென்று திரும்பினார். இரவு நிகழ்ந்ததை இன்றுவரை அவர் அறியார். இம்மலர் வீட்டிற்கு வரும்போது அறிவார்.

அந்த போல்ட்டு இப்போது என் மேசைமேல், தமிழ் நூல்களின் அருகே இருக்கிறது. கட்டுரை எழுதுங்கால் ஐயமுற்ற சொல்லை ஆராயாது விட்டுச்செல்ல மனம் துணியும்போதெல்லாம் அதனைப் பார்க்கிறேன். எழுந்து சென்று அகராதியைத் திறக்கிறேன்.