நெடுந்தீவிலிருந்து சிவனொளிபாதம் வரை

நெடுந்தீவிலே மலை கிடையாது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவில் பனையின் உச்சியே எங்களுக்கு உயரத்தின் எல்லை. ஆனால், சுண்ணாம்புப் பாறையொன்றிற் பெரியதொரு பாதத்தின் வடிவை அங்கே காட்டுவார்கள். சிறுவயது முதல் அதனைத் தொட்டு வணங்கிய எங்கள் ஆச்சி, "மலையிலை இருக்கிற பாதத்தையும் ஒருக்காப் பாத்திட வேணும், மோனை" என்று சொல்லாத நாளில்லை. எழுபது வயது கடந்த பின்னரே அதற்கு வேளை வந்தது.

குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடற்பயணம். பின்பு யாழ்ப்பாணம், கண்டி, அட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்தோம். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையே யாத்திரைக் காலம். மலையின் உயரம் 2,243 மீற்றர். ஏறவேண்டிய படிகளோ ஐயாயிரத்துக்கு மேல். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம்.

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா, இம்மலையிற் பிடித்தேறுவதற்கெனப் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளார். இன்று படிகளும் கைப்பிடிகளும் மின்விளக்குகளும் உள்ளன. எனினும் முழங்காலின் துன்பத்துக்கு மாற்று எதுவுமில்லை. செங்குத்தான இறுதிப் பகுதிக்குக் கீழே ஆச்சி உட்கார்ந்துவிட்டார்.

"கடலெண்டால் நீந்தியாவது போயிடுவன். இந்தப் படிக்கு என்ன செய்யிறது?"

திரும்பிவிடலாம் என்றேன். அப்பொழுது, இடுப்பிற் குழந்தையுடன் வந்த தோட்டத்துப் பெண்ணொருத்தி நின்றாள். "பாட்டி, மேலே பாக்காதீங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டு அடுத்த படியை மட்டும் பாருங்க" என்றாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

விடியுமுன் உச்சியை அடைந்தோம். சைவர் சிவனுடையது என்றும், பௌத்தர் புத்தருடையது என்றும், இஸ்லாமியரும் கிறித்தவரும் ஆதாமுடையது என்றும் போற்றும் பாதத்தின் முன், எல்லோரும் ஒரே குளிரில் நடுங்கியபடி ஒரே வரிசையில் நின்றோம். கதிரவன் எழுந்ததும், மேற்கே முகில்களின் மீது மலையின் நிழல் முக்கோணமாய் விரிந்தது.

எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை மணியடிப்பது அங்குள்ள வழக்கம். அப்பெண் ஏழு முறை அடித்தாள். ஆச்சி ஒரு முறை அடித்துவிட்டு, "கடலைப் பாத்திருக்கிறியோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லீங்க பாட்டி."

"அப்ப எங்கட ஊருக்கு வா. வள்ளத்திலை ஏறேக்கை நான் கை பிடிக்கிறன்."