நாலு மணி நேரம்

நேத்து ராத்திரி தங்கச்சியைத் திருச்சி ஏர்போர்ட்ல விட்டுட்டு ஸ்ரீரங்கம் திரும்பினேன்.
பன்னிரண்டரைக்கு சிங்கப்பூர் ஃபிளைட்.

அம்மா தூங்கல. திண்ணையிலயே உட்கார்ந்திருந்தாங்க.
"எவ்வளவு தூரம்டா?"

போன்ல பார்த்தேன். நேர்கோட்டுல ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். வானத்துல நாலு மணி நேரம்.
நம்ம டெல்லியே 2,000 கிலோமீட்டர்தான்!

"உங்க தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினார். போய்ச் சேர ஒரு வாரம். சேர்ந்தேன்னு கடுதாசி வர்றதுக்கு இன்னும் எத்தனையோ நாள். அதுவரைக்கும் பாட்டி வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

1926ல கட்டின கப்பல் அது. 1970கள் வரைக்கும் ஓடியிருக்கு.
எத்தனை வீட்டுப் பிள்ளைங்களைச் சுமந்திருக்கும்!

விடிகாலை நாலே முக்காலுக்கு மெசேஜ் வந்தது.
"இறங்கிட்டேன்."

இங்க இன்னும் இருட்டு. அங்க ஏழே கால். ரெண்டரை மணி நேரம் நமக்கு முன்னாடி.

அதைப் படிச்சுக் காட்டின பிறகுதான் அம்மா வாசல் தெளிக்க எழுந்தாங்க.

வெளிநாட்டுல இருக்கிற தம்பி தங்கச்சிகளே,
இறங்கினதும் முதல்ல வீட்டுக்கு ஒரு வரி போடுங்க.
அந்த நாலு மணி நேரமும் இங்க யாரும் தூங்குறதில்ல.