சாருக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி!

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்தவர். அதில் பல வருடம் சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு ரூட். எத்தனை நடை போயிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால், மைசூரில் அவர் பார்த்த இடங்கள் மூன்றே மூன்று: பஸ் ஸ்டாண்ட், அதன் எதிரே ஒரு டீக்கடை, படுத்துத் தூங்க ஒரு அறை. வண்டி திரும்பக் கிளம்பும்வரை தூங்கினால்தானே திம்பம் மலையில் கண் விழித்து இறங்க முடியும்?

"மைசூரு ஜூ எப்படிங்க இருக்கும்?" என்று என் மகள் சின்ன வயதில் கேட்டபோது, "ஏறுற குழந்தைக எல்லாம் ஒட்டகச்சிவிங்கி பத்தித்தான் பாப்பா பேசிக்கிட்டு வரும்" என்றார். அவர் பார்த்ததில்லை. அவ்வளவுதான் அந்தப் பேச்சு. எனக்கு மட்டும் அது மனதில் தங்கிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு மனுஷர் பேச்சையே குறைத்துவிட்டார். காலை 4 மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போக இடம் இருக்காது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், ஓய்வுக்குப் பின் வந்த முதல் பிறந்தநாளுக்கு அவரிடம் சொல்லாமலே ஒரு திட்டம் போட்டேன். "பண்ணாரி அம்மனுக்கு அர்ச்சனை வைக்கோணுங்க, கிளம்புங்க" என்று கூட்டிப்போனேன். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், மைசூரு பஸ் வர, கையைக் காட்டி ஏறிவிட்டேன். "ஏம் புள்ள, இது மைசூரு போற வண்டி!" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் அவர் பயணியாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தரையை அழுத்துகிறது. லாரி எதிரே வந்தால் கை தானாக ஹாரனைத் தேடுகிறது. ஆசனூர் தாண்டி காராப்பள்ளம் பக்கம், கரும்பு லாரிக்காக ரோட்டோரம் ஒரு யானை காத்து நின்றது. பஸ்ஸே எழுந்து படம் எடுத்தது. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினம் பார்த்த மூஞ்சியாம்.

சாமராஜநகர், நஞ்சன்கூடு தாண்டி மைசூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பெருமையாக "ஜூ" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இவத்து மங்களவாரம்மா, ரஜா!" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை! பிறந்த தேதியைப் பார்த்த நான் கிழமையைப் பார்க்கவில்லை. நடு ரோட்டில் அழுகை வந்துவிட்டது. இவர் என் பையை வாங்கிக்கொண்டார். "இன்னைக்குத் தங்கி நாளைக்குப் பார்க்கலாம். வா, முதல்ல டீ குடிப்போம்" என்றார். அந்த டீக்கடைக்காரர் இவரைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அரைமணி நேரம் இருவரும் கன்னடத்தில் பேசிச் சிரித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால், அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை கதவு திறந்ததும் உள்ளே போனோம். 1892-ல் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில் தொடங்கிய இடம் இது. 'ஸ்ரீ சாமராஜேந்திர மிருகக்காட்சி சாலை' என்று அவர் பெயரிலேயே இருக்கிறது. 157 ஏக்கர். பெரிய பெரிய மரங்கள், நல்ல நிழல். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு பேட்டரி கார் உண்டு. நாங்கள் நடந்தோம். நடந்தால்தான் நினைத்த இடத்தில் நிற்கலாம்.

ஒட்டகச்சிவிங்கி முன்னால் வந்ததும் இவர் நின்றார். நின்றார் என்றால், அசையவே இல்லை. "நம்ம பஸ்ஸு பத்தடி உசரம். இது பஸ்ஸு மேல அரை பஸ்ஸை வெச்ச மாதிரி இருக்குதே!" என்றார். அத்தனை நீளக் கழுத்திலும் நமக்கு இருப்பது போல ஏழே ஏழு எலும்புகள்தான் என்று நான் முன்கூட்டியே படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். காட்டில் இது மிகக் குறைவாகத்தான் தூங்கும், பெரும்பாலும் நின்றபடியே குட்டித் தூக்கம் போடும் என்றேன். "நைட் டியூட்டிதான் போல, பாவம்" என்றார். இலையை வளைத்து இழுக்க அது கறுத்த நாக்கை நீட்டியபோது, பக்கத்தில் நின்ற நாலு வயதுப் பையனும் இவரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே போனது. சிங்கம், புலி எல்லாம் ஓட்டமாகத்தான் பார்த்தோம்.

கொரில்லாவிடம் மறுபடி கொஞ்ச நேரம். 2021-ல் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஆண் கொரில்லாக்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு முன் போலோ என்றொரு கொரில்லா, துணை இல்லாமல் பல வருடம் தனியாக இருந்து 2014-ல் இறந்துபோனதாம். அதை நான் சொன்னதும் இவர் ஒன்றும் பேசவில்லை. என் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

இங்கே விலங்குகளைத் தத்தெடுக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பராமரிப்புச் செலவுக்கு நாம் பணம் கட்ட வேண்டும், சான்றிதழ் தருவார்கள். யானை, புலி தொடங்கி சின்னப் பறவைகள் வரை பட்டியல் இருக்கிறது. பிறந்தநாளுக்காகவே பலர் இப்படிச் செய்கிறார்களாம். ஒட்டகச்சிவிங்கிக்கு என் சேமிப்பு எட்டவில்லை. அவர் பெயரில் ஒரு சின்னப் பறவைக்குக் கட்டினேன். நீங்கள் போவதானால் செவ்வாய் மட்டும் வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் காரஞ்சி ஏரிக்கும் சேர்த்து ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

திரும்பி வரும்போது திம்பம் இறக்கத்தில், "ஏனுங்க, பண்ணாரியில பஸ் ஏறினப்பவே ஜூவுக்குன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"பத்தாவது வளைவுல தெரிஞ்சுது."

"செவ்வாக்கிழமை லீவுன்னு?"

"வருஷக்கணக்கா அந்த ஊருக்கு வண்டி ஓட்டியிருக்கேன். செவ்வாக்கிழமை எத்தனை குழந்தைக அழுதுக்கிட்டே என் பஸ்ஸுல ஏறியிருக்கும், தெரியாதா?"

"அப்புறம் ஏனுங்க சொல்லலை?"

"சொன்னா நீ அப்பவே இறங்கியிருப்பே" என்றவர், அடுத்த வளைவுக்கு வலது காலை அழுத்திக்கொண்டார்.