சாவி கைமாறும் முறை

கடை திறப்பதற்கு நல்ல நாளும் நல்ல நேரமும் பார்ப்பவர் பலர். கடையை மூடுவதற்கு நாள் பார்ப்பவர் எவரும் இலர். திறப்பு விழாவுக்கு வாயிலில் வாழை கட்டுவர். மாவிலைத் தோரணம் தொங்கவிடுவர். உற்றாரையும் நண்பரையும் அழைத்துச் சந்தனம் கொடுப்பர். மூடும் நாளிலோ விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு, எதிர்க்கடைக்காரர் கண்ணில் படாமல் ஐந்தடிப் பாதை வழியே நடந்து மறைவதே வழக்கமாக இருக்கிறது. வணிகத்தில் வரும் நட்டத்தைக் குடும்பத்துக்கு வந்த இழுக்காகக் கருதும் மனப்பான்மையின் விளைவு இது. அந்த வெட்கத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வட்டாரத்துக் கடைக்காரர் சிலர் வெள்ளிக் கணக்கிலேயே அறிந்துகொண்டனர்.

அவர்களுள் ஒருவர், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில் துணிக்கடை நடத்திவந்தவர். அவருடைய பெயர் இங்கு வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று மூன்றாண்டுகளுக்கு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். திங்கள் வாடகை 8,000 வெள்ளி. முன்வைப்புத் தொகை மூன்று மாத வாடகையான 24,000 வெள்ளி. மூன்றாண்டு மொத்த வாடகை 288,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 0.4 விழுக்காடு வீதம் முத்திரைத் தீர்வை 1,152 வெள்ளி. இந்தக் கணக்குகளையெல்லாம் அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். ஆனால் இருபது பக்கத்துக்கு மேற்பட்ட அந்த ஆங்கில ஒப்பந்தத்தில் அவர் படித்தவை மூன்றே இடங்கள்: தொகை, தேதி, கையொப்பமிட வேண்டிய கோடு. எஞ்சியவற்றை ஓராண்டுக்குப் பின்னர், உயர்நிலைப் பள்ளியில் படித்த அவருடைய மகள் உணவு மேசையில் வைத்து வரி வரியாகப் படித்துத் தந்தைக்குத் தமிழில் சொன்னாள். வாடகைக்குக் குடியிருப்பவர் காலம் முடியுமுன் விலகலாம் என்னும் விதி எங்கேனும் இருக்கிறதா என்று தேடினாள். அப்படியொரு வரி அதில் இல்லை. பொதுவாக வணிக ஒப்பந்தங்களில் அது தானாக வருவதும் இல்லை, கேட்பவருக்கே கிடைக்கிறது.

அவர் கேட்காமல் போனதற்கு அவருடைய தந்தையார் காலத்து நினைவுகளும் ஒரு காரணம் எனலாம். போருக்குப் பின் 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாளுக்குள் கட்டி முடிக்கப்பெற்ற கட்டடங்களின் வாடகையை 1939ஆம் ஆண்டு நிலையை அடியொற்றிக் கட்டிப்போட்டது. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளுள் மிகப் பல இந்தக் கட்டுக்குள் இருந்தன. வாடகை குறைவு, உரிமையாளரால் எளிதில் வெளியேற்றவும் இயலாது. ஆகவே அத்தகைய கடையை விட்டுச் செல்பவருக்கு, உள்ளே வர விரும்புபவர் கைப்பணம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. சட்டம் அதைத் தடுத்தும் வழக்கம் நிற்கவில்லை. ‘தேநீர்ப் பணம்’ என்று அதற்கு அழகான பெயர் வேறு. எந்தத் தேநீரும் அவ்வளவு விலை விற்றதில்லை! அன்று வெளியேறுபவர் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறினார். 2001ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டபின், காலத்துக்கு முன் வெளியேறுபவர் பணம் கொடுத்து வெளியேற வேண்டிய நிலை வந்தது. தெரு அதே தெரு. 1989இல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பெற்றதால் கடைவீடுகளின் முகப்பும் ஏறத்தாழ அதே முகப்பு. கண்ணுக்குத் தெரிந்த பழைமை, கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை மறைத்துவிட்டது போலும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியா தன் எல்லையை மூடியது. ஜொகூர் பாருவிலிருந்து வார இறுதியில் வந்து சேலையும் வேட்டியும் வாங்கிச் சென்ற குடும்பங்கள் அன்றோடு நின்றன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம், துணிக்கடைகள் திறக்கப்படவில்லை. ஞாயிறுதோறும் தெருவை நிறைத்த வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளிலேயே இருக்க நேர்ந்தது. கடை மறுபடி திறந்தபின்னும் அவர்கள் வரவில்லை. அவ்வாண்டு தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு இருந்தது. ஆண்டுதோறும் கூடும் சந்தை இல்லை. விளக்குகள் எரிந்த தெருவில், அடுக்கிய சேலைகள் அடுக்கியபடியே இருந்தன. அரசாங்கத்தின் வாடகை நிவாரணம் சில மாதங்களைத் தாங்கியது உண்மை. ஆயினும் 2020இன் பிற்பாதியில் அவருடைய விற்பனை முந்திய ஆண்டின் அதே காலத்தைவிடப் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒப்பந்தமோ 2022 ஜூன் இறுதிவரை.

அடுத்த கடைக்காரர் முந்திக்கொண்டார். ஒரு நாள் இரவு சரக்குகளை ஏற்றிக்கொண்டு, சாவிகளை உறையில் இட்டு, உரிமையாளரின் அலுவலகத் தபால்பெட்டியில் போட்டுவிட்டார். ‘சாவியைக் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன?’ என்பது அவர் எண்ணம். ஆறு வாரத்தில் வழக்கறிஞர் கடிதம் வந்தது. சாவியைக் காப்பாக வைத்திருப்பதாகவும், ஒப்பந்தம் முடியவில்லை என்றும், வாடகை நாள்தோறும் ஏறிவருகிறது என்றும் அதில் கண்டிருந்தது.

இங்கே சற்று நின்று பார்த்தல் வேண்டும். சாவி ஓர் அடையாளமே தவிர ஒப்பந்தமன்று. உரிமையாளர் அதைத் தொட்டதனாலேயே கடையைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிடாது. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் எண்ணம் அவருடைய சொல்லிலோ செயலிலோ தெளிவாக விளங்க வேண்டும். வாடகைக்காரர் வாக்கை முறித்தார் என்று கண்டு, ‘சரி, ஒப்பந்தம் முடிந்தது’ என உரிமையாளர் ஏற்பாரானால், அப்போது அவர் மீதும் ஒரு கடமை விழுகிறது. கடையைப் பூட்டி வைத்துவிட்டு எஞ்சிய வாடகை முழுவதையும் பழைய ஆளிடமே கேட்டல் இயலாது. வேறு ஆளைத் தேட நியாயமான முயற்சி செய்து, அதன்பின்னும் எஞ்சும் நட்டத்தையே கேட்கலாம். ஏற்காவிடிலோ ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. வாடகை கடனாக வளர்கிறது. சிங்கப்பூரில் உரிமையாளருக்குப் பழைய சட்டமொன்றும் துணை நிற்கிறது. நீதிமன்ற ஆணை பெற்று, பன்னிரண்டு மாதம்வரையிலான நிலுவைக்காகக் கடையில் உள்ள பொருளைக் கைப்பற்றச் செய்யலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். அந்த மன்றம் இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகையைத்தான் விசாரிக்கும். கடை வாடகைக்கு அதன் கதவு திறவாது.

‘காலத்துக்கு முன் விலகினால் இத்தனை வெள்ளி கட்ட வேண்டும்’ என்று எழுதியிருந்தாலும், அந்தத் தொகை நேரக்கூடிய நட்டத்தின் நேர்மையான மதிப்பீடாக இருத்தல் வேண்டும். அச்சுறுத்துவதற்கென்றே எழுதிய தண்டத்தொகையை நீதிமன்றம் வாங்கித் தராது. 1914இல் இங்கிலாந்தில் டன்லப் என்னும் சக்கர உறை நிறுவனத்தின் வழக்கில் வகுத்த இந்த அளவுகோலையே சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் உறுதிப்படுத்தியது. லிட்டில் இந்தியாவில் டன்லப் தெரு ஒன்று இருப்பது பெயர் ஒற்றுமையே. அதற்கும் இவ்வழக்குக்கும் உறவு இல்லை.

அடுத்த கடைக்கு வந்த கடிதத்தைப் பார்த்தபின் துணிக்கடைக்காரர் மூன்று இரவுகள் உறங்கவில்லை. நான்காம் நாள் காலை உரிமையாளரைக் காணத் தோ பாயோவுக்குச் சென்றார். அவருடைய உரிமையாளர் பெரிய நிறுவனம் அன்று. கணவர் விட்டுச்சென்ற அந்த ஒரு கடைவீட்டின் வாடகையை நம்பி வாழ்ந்த எழுபது கடந்த மூதாட்டியார். வாடகை தருபவர் ஏழை, வாங்குபவர் செல்வர் என்று கதைகளில் எழுதிப் பழகிவிட்டோர்க்கு இது சற்றுத் தொல்லையான செய்தி.

“அம்மா, பிப்ரவரி முடிவோடு கடையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இருந்தால் உங்களுக்கும் வாடகை தர முடியாது, எனக்கும் மீள வழி இல்லை” என்றார்.

“தம்பி, இன்னும் பதினாறு மாதம் இருக்கிறதே. என் மருந்துச் செலவை யாரிடம் போய்க் கேட்பேன்?” என்றார் அவர்.

பதினாறு மாதத்துக்கு 128,000 வெள்ளி. அந்தத் தொகை இருவர் மனத்திலும் இருந்தது. எவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் தம் விற்பனைக் கணக்கேட்டை மறைக்காமல் விரித்துக் காட்டினார். அப்பொழுது புதிதாக ஒரு சட்டவழியும் திறந்திருந்தது. 2020 மார்ச் 25ஆம் நாளுக்கு முன் செய்த சில வகை ஒப்பந்தங்களில், வருமானம் 40 விழுக்காடோ அதற்கு மேலோ வீழ்ந்த சிறுதொழிலர், 2021 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 26 வரை மறுதரப்புக்கு அறிவிப்பு அனுப்பி மறுபேச்சுக்கு அழைக்கலாம். நான்கு வாரத்தில் இணக்கம் ஏற்படாவிடில் ஒப்பந்தம் முடிவுக்கு வரக்கூடும். முன்பே நிலுவையான வாடகை அதனால் மறையாது; மறுதரப்பு ஆட்சேபித்தால் மதிப்பீட்டாளர் முன் செல்லவும் நேரிடும். தமக்கு அந்த வழி உண்டு என்பதை அவர் மூதாட்டியாரிடம் சொன்னார். அறிவிப்பை மட்டும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் தவறு என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் முத்திரையிட்ட கடிதம் முதலில் வந்திருந்தால், அதன்பின் இருவரும் ஒரே மேசையில் தேநீர் அருந்தியிருப்பார்களா என்பது ஐயமே.

அவர் வெறுங்கையோடும் செல்லவில்லை. மளிகையும் அரைத்த மசாலைப் பொடிகளும் விற்கும் ஒருவர், இரண்டாவது கடைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். அவரால் தர முடிந்த வாடகை 6,500 வெள்ளி. திங்களுக்கு 1,500 வெள்ளி குறைவு. பதினாறு மாதத்துக்கு 24,000 வெள்ளி. 128,000 வெள்ளி என்று மிரட்டிய பூதம், மாற்று ஆள் ஒருவர் வந்ததும் 24,000 வெள்ளியாகச் சுருங்கிவிட்டது. முன்வைப்புத் தொகையும் அதே 24,000 தான். மூதாட்டியார் முழுவதையும் வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் 16,000 வெள்ளியை வைத்துக்கொண்டு 8,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க இசைந்தார். “அந்தப் பிள்ளையின் படிப்புக்கு ஆகட்டும்” என்று மட்டும் சொன்னாராம்.

இதில் மறைந்து நின்ற மற்றொரு செலவும் உண்டு. கடையை வாங்கியபோது இருந்த நிலைக்கே மீட்டுத் தர வேண்டும் என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களின் விதி. பொய்க்கூரை, இடைச்சுவர், கண்ணாடி அலமாரி, குளிர்சாதனம், பெயர்ப்பலகை ஆகிய அனைத்தையும் அகற்றிச் சுவரைப் பூசிக் கொடுக்க ஆகும் கூலி பல வேளைகளில் முன்வைப்புத் தொகையையே விழுங்கிவிடுகிறது. பாதுகாக்கப்பெற்ற கடைவீடாயின் எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். மசாலை வணிகர் அலமாரிகளையும் விளக்குகளையும் அப்படியே ஏற்றுக்கொண்டதால் அச்செலவு மிஞ்சியது. ஆனால் வாய்ச்சொல்லாக அது இருந்திருந்தால் போதாது. புதியவர் ஏற்றார், சரி, உரிமையாளர் ஏற்றாரா? நாளை புதியவர் வெளியேறும்போது அலமாரியை அகற்றுவது யார் பொறுப்பு? மகள் கேட்ட இந்த இரண்டு கேள்விகளும் ஒப்படைப்புப் பத்திரத்தில் இரண்டு வரிகளாக இடம்பெற்றன.

அந்தப் பத்திரத்தை வணிகர்கள் ‘சரண்டர்’ என்கின்றனர். போரில் தோற்றவன் ஆயுதத்தைக் கீழே வைப்பது போன்ற ஒலி அதில் இருக்கிறது. ஒப்படைப்பு என்று தமிழில் சொன்னால் தலைகுனிவும் குறைகிறது, பொருளும் விளங்குகிறது. எந்த நாளோடு ஒப்பந்தம் முடிகிறது, அதன்பின் எத்தரப்பும் எதையும் கோராது, எந்தத் தொகை எந்த நாளில் திரும்பும் என்பவற்றை இரண்டு பக்கத்துக்குள் எழுதினர். பிப்ரவரி கடைசி நாளன்று மூவரும் கடையில் கூடினர். நீர், மின்சார அளவிகளின் எண்களைக் குறித்துக்கொண்டனர். சுவர்களையும் தரையையும் ஒளிப்படம் எடுத்தனர். நான்கு சாவிகளை எண்ணிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினர்.

வெளிநாட்டு ஊழியர்களுள் சிறு தொகையினர் 2021 செப்டம்பரில்தான் முன்னோட்டமாக லிட்டில் இந்தியாவுக்கு வர விடப்பட்டனர். ஜொகூர் தரைவழி எல்லை 2022 ஏப்ரலில்தான் முழுமையாகத் திறந்தது. ‘இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கலாம்’ என்று அப்போது அவருக்குச் சொன்னவர்கள் உண்டு. அந்தச் சிறிது காலத்தின் வாடகையை அவர்கள் கணக்கிட்டிருக்க மாட்டார்கள்.

பின்னர் நாட்டின் முறையும் மாறியது. 2021 மார்ச்சில் சில்லறை விற்பனை இடங்களுக்கான நன்னெறிக் கோட்பாடு வெளியாயிற்று. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்குச் சட்ட வலிமை தந்தது. 2024 பிப்ரவரி முதல் நாள் தொடங்கி அது நடப்பில் இருக்கிறது. வாடகைக்காரர் நொடித்துப்போனாலோ, தம் தவறின்றி விநியோக உரிமையை இழந்தாலோ காலத்துக்கு முன் விலக இக்கோட்பாடு இடம் தருகிறது. பூசல் எழுந்தால் சிங்கப்பூர் சமரச நிலையத்தில் பேசித் தீர்க்கவும் வழியுண்டு. ஆயினும் விற்பனை மந்தம் என்பது மட்டும் விலகும் உரிமையைத் தந்துவிடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களையே இச்சட்டம் தழுவுகிறது. அஞ்சடியோரத்தில் பாதிக் கடையை மாத வாடகைக்கு எடுத்துப் பூவும் வளையலும் விற்பவர் இதன் நிழலுக்கு வெளியேதான் நிற்கிறார்.

துணிக்கடைக்காரர் இப்பொழுது ஈசூனில் சிறிய இடமொன்றில் தையல் வேலையும் துணி விற்பனையும் நடத்துகிறார். வாடகை குறைவு, இரண்டாண்டு ஒப்பந்தம். முதல் ஆறு மாதத்துக்குப் பின், இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து எப்பொழுது வேண்டுமானாலும் விலகலாம் என்னும் ஒரு வரியை அவர் கேட்டுச் சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத் திங்கள்தோறும் 150 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறார்.